தொட்டால் மட்டும் திறக்கும் மரபணு: செயற்கை ஏற்பி அமைக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம், கோரிமேட்டில் ஜிப்மர், தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று இந்தக் கடற்கரையோரத்தில் உயிரித் தொழில்நுட்பமும் மருத்துவ ஆய்வும் படிப்பவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் முதுகலை இறுதி ஆண்டுத் திட்டத்துக்கோ முனைவர் பட்ட ஆய்வுக்கோ செயற்கை ஏற்பி, அதாவது செல்லின் மேற்பரப்பில் நின்று வெளிச்செய்தியை உணரும்படி நாமே வடிவமைக்கும் புரதம் என்ற தலைப்பை எடுத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். செல் கல்ச்சரில் கை பழகியவர், ஒரு பிளாஸ்மிடையாவது, அதாவது மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவையாவது, குளோன் செய்து பார்த்தவர், ஆனால் ஏற்பி வடிவமைப்புக்குப் புதியவர்: இப்படிப்பட்ட ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஏற்பியைக் கட்டுவது இன்று பெரிய வேலை அல்ல. வரிசையைத் தட்டச்சு செய்து அனுப்பினால் டிஎன்ஏ கூரியரில் வந்துவிடுகிறது. எதிரே தூண்டும் மூலக்கூறு இல்லாதபோது அந்த ஏற்பி உண்மையிலேயே சும்மா இருக்கிறதா என்பதை உறுதிசெய்வதுதான் உழைப்பின் பெரும்பகுதியைத் தின்னும். அதனால் கீழே வரும் படிகளில் ஏற்பி இயங்கும் நிலையைவிட அது அடங்கியிருக்கும் நிலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இயங்கும் விதம்

நாட்ச் என்பது விலங்குச் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஓர் ஏற்பி. பெரும்பாலான ஏற்பிகள் தமக்குக் கிடைத்த செய்தியைப் பல நொதிகள் வழியாகக் கைமாற்றி நியூக்ளியஸுக்கு அனுப்புகின்றன. நாட்ச் தன் உடலின் ஒரு துண்டையே அங்கே அனுப்புகிறது. பக்கத்துச் செல்லின் மேற்பரப்பில் உள்ள லிகண்ட், அதாவது ஏற்பியில் பொருந்தும் மூலக்கூறு, நாட்ச்சின் வெளிப்பகுதியைப் பிடித்து இழுக்கிறது. சில பிகோநியூட்டன் அளவே உள்ள அந்த இழுவிசையில், எல்என்ஆர் எனப்படும் மூன்று சிறு மடிப்புகளுக்கு அடியில் மறைந்திருந்த வெட்டுமிடம் ஒன்று வெளிப்படுகிறது. ஏடிஏஎம் குடும்பத்து நொதி அங்கே வெட்டுகிறது. அதைத் தொடர்ந்து காமா செக்ரடேஸ் என்ற நொதி செல் சவ்வுக்குள்ளேயே இன்னொரு வெட்டை வெட்ட, உட்பகுதி விடுபட்டு நியூக்ளியஸுக்குச் சென்று மரபணுக்களை இயக்குகிறது.

இந்த வெட்டும் பொறியை மட்டும் நடுவில் வைத்துக்கொண்டு, வெளிப்பகுதியையும் உட்பகுதியையும் நாம் விரும்பியபடி மாற்றலாம் என்று காட்டிய ஆய்வு, சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வெண்டல் லிம் குழுவினரிடமிருந்து 2016-இல் வந்தது. லியனார்டோ மோர்சுட்டும் கோல் ராய்பலும் அதன் முதன்மை ஆய்வாளர்கள். அவர்கள் இதை ஸின்நாட்ச் என்று அழைத்தார்கள். வெளியே நாட்ச்சின் 36 இஜிஎஃப் மடிப்புகளுக்குப் பதிலாக ஓர் ஆன்டிபாடித் துண்டு. உள்ளே நாட்ச்சின் சொந்த உட்பகுதிக்குப் பதிலாக கால்4-விபி64 அல்லது டிடிஏ போன்ற செயற்கைப் படியெடுத்தல் காரணி, அதாவது டிஎன்ஏவில் ஒட்டி மரபணுவை இயக்கும் புரதம். ஆன்டிபாடித் துண்டு எதிரிலுள்ள செல்லில் தனக்குரிய புரதத்தைக் கண்டு பற்றினால், படியெடுத்தல் காரணி விடுபட்டு, நாம் முன்பே செல்லுக்குள் வைத்திருக்கும் மரபணுவைத் திறக்கும்.

இழுவிசை என்ற இந்த நிபந்தனையைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தேவனாம்பட்டினம் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்: மறுமுனையில் வலை கனத்தால்தான் கயிறு விறைக்கும், அறுந்த கயிறு எவ்வளவு இழுத்தாலும் வெறுமனே கைக்கு வந்துவிடும். கரைசலில் மிதக்கும் லிகண்ட் அந்த அறுந்த கயிற்றைப் போன்றது. அது ஏற்பியில் ஒட்டும், ஆனால் இழுக்காது. போதாக்குறைக்குப் பிணைப்பிடத்தை அடைத்துக்கொண்டு, செல்லோடு பிணைந்த உண்மையான லிகண்டுக்கு இடமில்லாமலும் செய்யக்கூடும்.

இன்னொன்றும் இதிலிருந்து விளைகிறது. ஓர் ஏற்பி வெட்டப்பட்டால் ஒரே ஒரு படியெடுத்தல் காரணிதான் விடுபடும்; வெட்டப்பட்ட ஏற்பி மறுபடி பயன்படாது. இயற்கைச் சமிக்ஞைப் பாதைகளில் நடக்கும் பெருக்கம் இங்கே கிடையாது. ஆகவே செல்லின் மேற்பரப்பில் எத்தனை ஏற்பிகள் இருக்கின்றன என்பதே விளைவின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

முதல் படி: எதை உணர வேண்டும் என்று முடிவு செய்தல்

உணர வேண்டிய பொருள் இன்னொரு செல்லின் மேற்பரப்பில் நிலையாக இருக்கிறதா, கரைசலில் மிதக்கிறதா? முதலாவது என்றால் ஸின்நாட்ச் பொருத்தமானது. இரண்டாவது என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா லெனர்ட் குழுவினர் 2014-இல் வெளியிட்ட மெசா என்ற அமைப்பில் இரண்டு சங்கிலிகள் உண்டு. கரைந்திருக்கும் லிகண்ட் இரண்டையும் ஒன்றுசேர்க்கும்போது, ஒரு சங்கிலியில் உள்ள டிஇவி புரோட்டியேஸ் என்ற வெட்டும் நொதி மற்றதில் கட்டியிருக்கும் படியெடுத்தல் காரணியை வெட்டி விடுவிக்கிறது. ஜி புரதத்தோடு இணைந்த ஏற்பிகளுக்கு 2008-இல் வந்த டேங்கோ முறையும் டிஇவி வெட்டையே நம்பியிருக்கிறது. மிதக்கும் மூலக்கூறை ஸின்நாட்ச்சாலேயே உணர வேண்டும் என்றால், அந்த மூலக்கூறைப் பிடித்து நிறுத்தும் நங்கூரச் செல்களைக் கூடவே வளர்க்கலாம் என்று 2020-இல் காட்டினார்கள். ஆனால் முதல் சோதனைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நோயெதிர்ப்பு டி செல்லில் ஓர் ஏற்பியைப் பொருத்திப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் கார்-டி சிகிச்சையில் வரும் ஏற்பியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 போன்றவற்றில், சிடி19 புரதத்தைத் தொட்டதும் டி செல் தன் இயல்பான தாக்குதல் பாதையை இயக்குகிறது. ஸின்நாட்ச் அந்தப் பாதைகளைத் தொடுவதே இல்லை. நாம் வைத்த மரபணுவை மட்டும் திறக்கிறது. இரண்டையும் சேர்த்து, முதல் அடையாளத்தை ஸின்நாட்ச் கண்ட பிறகே கார் ஏற்பி உருவாகும்படி 2016-இலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

தொடங்குவோருக்கு என் பரிந்துரை, ஏற்கெனவே பலமுறை நிரூபிக்கப்பட்ட இணைகளில் ஒன்று: சிடி19-ஐ அறியும் ஏற்பி, அல்லது ஜிஎஃப்பி ஒளிர்புரதத்தை அறியும் எல்ஏஜி17 என்ற நானோபாடி, அதாவது மிகச் சிறிய ஆன்டிபாடித் துண்டு, பொருத்திய ஏற்பி. உங்களுக்கு விருப்பமான புதிய இலக்கை இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றிலேயே புதிய ஆன்டிபாடி, புதிய செல், புதிய மரபணு என்று மூன்றையும் மாற்றினால், எது பழுதானது என்று கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாம் படி: அனுமதி

இதை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். முதலிலேயே செய்ய வேண்டிய வேலை இது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, மரபணு மாற்ற வேலை நடக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உயிரித் தொழில்நுட்பத் துறை 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் எந்த வேலைக்கு எந்த நிலை அனுமதி என்று வகைப்படுத்துகின்றன. மரபணுவைச் செல்லுக்குள் ஏற்றப் பயன்படும் லென்டிவைரஸைக் கையாள இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு ஆய்வகம் தேவை. குழு நினைத்தபோதெல்லாம் கூடுவதில்லை. ஆகவே பிளாஸ்மிடுக்கு ஆர்டர் கொடுக்கும் வாரத்திலேயே விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் ஏற்பி, ஏற்பி இயங்கியதை ஒளிர்ந்து காட்டும் ரிப்போர்ட்டர் மரபணு, வைரஸ் அமைப்பின் தலைமுறை, செல் வகை, கழிவை அழிக்கும் முறை ஆகிய அனைத்தையும் குறிப்பிட வேண்டும். கொடையாளரின் இரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரிக்கும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தனியாகத் தேவை. முதல் சுற்றுக்கு ஜர்காட் என்ற டி செல் வரிசையே போதும்.

மூன்றாம் படி: காகிதத்தில் வரைதல்

ஏற்பியை இடமிருந்து வலமாக எழுதுங்கள். முதலில் செல் சவ்வுக்கு அனுப்பும் சிக்னல் பெப்டைடு. வழக்கமாக சிடி8 ஆல்ஃபாவினுடையது. அடுத்து மிக் என்ற சிறு அடையாளத் தொடர். அதன்பின் ஆன்டிபாடித் துண்டு. பிறகு எலியின் நாட்ச்1 புரதத்தில் 1427 முதல் 1752 வரையிலான 326 அமினோ அமிலங்கள். எல்என்ஆர் மடிப்புகள், வெட்டுமிடங்கள், சவ்வைக் கடக்கும் பகுதி மூன்றும் இதற்குள் அடங்கும். கடைசியாகப் படியெடுத்தல் காரணி.

இதில் தவிர்க்கவே கூடாதது மிக் அடையாளம். அது இல்லாவிட்டால் ஏற்பி மேற்பரப்புக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்கவே வழியில்லை. செல்லைத் துளைக்காமல் வெளியிலிருந்து மிக் ஆன்டிபாடியால் சாயமேற்றினால், மேற்பரப்பில் உள்ள ஏற்பி மட்டும் ஒளிரும். அதன் ஒளிர்வைப் பார்த்து ஒரு செல்லில் அதிகம், இன்னொன்றில் குறைவு என்றும் சொல்ல முடியும்.

நாட்ச் பகுதியின் முடிவுக்கும் படியெடுத்தல் காரணியின் தொடக்கத்துக்கும் இடையே மரபுச் சட்டகம், அதாவது டிஎன்ஏ எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும் ஒழுங்கு, பிசகாமல் இருக்கிறதா என்று கணினியில் மொழிபெயர்த்துப் பாருங்கள். காமா செக்ரடேஸ் வெட்டு 1744-ஆவது இடத்து வேலினுக்கு முன் விழுகிறது. எனவே விடுபடும் துண்டின் தலையில் நாட்ச்சின் ஒன்பது அமினோ அமிலங்கள் ஒட்டிக்கொண்டுதான் போகும். அதனால் கேடில்லை.

இனி பதில் தரும் மரபணுச் சுற்று, அதாவது விடுபட்ட படியெடுத்தல் காரணி திறக்கப்போகும் டிஎன்ஏ அமைப்பு. கால்4 பயன்படுத்தினால், அது ஒட்டும் யுஏஎஸ் தொடர் ஐந்து முறை, அதையடுத்து மரபணுவைத் தொடங்கிவைக்கும் மிகச் சிறிய சிஎம்வி ப்ரொமோட்டர், அதன் பின் ரிப்போர்ட்டர் மரபணு. அதே பிளாஸ்மிடில் பிஜிகே ப்ரொமோட்டரின் கீழ் எப்போதும் ஒளிரும் இன்னொரு நிறம் இருக்கட்டும். சுற்று எந்தச் செல்லுக்குள் நுழைந்தது என்பதை அந்த இரண்டாவது நிறம் காட்டும். லிம் குழுவினர் ஆட்ஜீன் சேமிப்பகத்தில் வைத்திருக்கும் பிளாஸ்மிடில் ரிப்போர்ட்டர் நீலம், அதாவது பிஎஃப்பி. எப்போதும் எரிவது எம்செர்ரி என்ற சிவப்பு.

இங்கே நிறுத்தி, உங்கள் வளாகத்தில் இருக்கும், ஒவ்வொரு செல்லின் ஒளிர்வையும் லேசரால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேசர் அட்டவணையைப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். பிஎஃப்பியைப் பார்க்க 405 நானோமீட்டர் ஊதா லேசர் வேண்டும். எம்செர்ரியைத் தெளிவாகப் பார்க்க 561 நானோமீட்டர் மஞ்சள்-பச்சை லேசர் வேண்டும். சிறிய கருவிகள் பலவற்றில் 488 நீலமும் 640 சிவப்பும் மட்டுமே உண்டு. அப்படியென்றால் அந்தப் பிளாஸ்மிட் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் உங்கள் திரையில் எதுவும் தெரியாது. 488 மட்டும் இருந்தால் ரிப்போர்ட்டரை ஜிஎஃப்பியாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அப்போது ஜிஎஃப்பியை லிகண்டாகப் பயன்படுத்தக் கூடாது, சிடி19 இணைக்குப் போய்விடுங்கள். எப்போதும் எரியும் நிறத்துக்குப் பதிலாக, செல் மேற்பரப்பில் ஏதேனும் ஓர் அடையாளப் புரதத்தை வைத்து, 640 லேசரில் தெரியும் ஆன்டிபாடியால் சாயமேற்றலாம்.

நான்காம் படி: செல்களும் பிளாஸ்மிடுகளும்

செல் வரிசைகளைப் பக்கத்து ஆய்வகத்தில் கைமாற்றாகப் பெறாமல் புணேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் சேமிப்பகத்திலிருந்து பெறுவது நல்லது. வந்தவுடன் மைக்கோபிளாஸ்மா சோதனை செய்துவிடுங்கள். தேவைப்படுபவை மூன்று: வைரஸ் தயாரிக்க ஹெச்இகே293டி, ஏற்பியைச் சுமந்து செய்தியைப் பெறும் செல்லாக ஜர்காட், லிகண்டைச் சுமந்து அதை அனுப்பும் செல்லாக கே562. கே562 செல்லில் இயல்பாக சிடி19 கிடையாது. ஆகவே சிடி19 ஏற்றிய கே562 அனுப்பும் செல் ஆகிறது, ஏற்றாத கே562 நேர்மையான கன்ட்ரோல் ஆகிறது. இரண்டும் மற்ற எல்லா வகையிலும் ஒன்றே என்பதுதான் இதன் அழகு.

லென்டிவைரஸ் பிளாஸ்மிடுகளின் இரு முனைகளிலும் ஒரே மாதிரியான நீண்ட தொடர்கள் இருப்பதால், சாதாரண பாக்டீரியாவில் அவை தமக்குள் பிணைந்து துண்டை இழந்துவிடும். எஸ்டிபிஎல்3 போன்ற மறுசேர்க்கை குறைந்த பாக்டீரியாவில் 30 டிகிரி செல்சியஸில் வளர்க்க வேண்டும். ஐந்து யுஏஎஸ் தொடர்களும் அதே ஆபத்தில் இருப்பவைதான். ஒன்றிரண்டு உதிர்ந்தாலும் பிளாஸ்மிட் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். முழுப் பிளாஸ்மிட் வரிசையறிதல் செய்து, ஐந்தையும் எண்ணிப் பார்த்த பிறகே மேலே செல்லுங்கள்.

இந்தப் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் செல் கல்ச்சர் அறைக்குள் பூஞ்சை புகும். இன்குபேட்டர் தண்ணீர்த் தட்டையும் வாட்டர் பாத்தையும் வாரந்தோறும் காலி செய்து துடைக்க வேண்டும். பூஞ்சையைவிடப் பெரிய தொல்லை மின்சாரம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலுக்குப் பிறகு, கடலூர் மாவட்டத்தின் பல பகுதிகள் பல நாட்கள் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது நகரமே வெள்ளத்தில் நின்றது. ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் ஒவ்வொரு செல் வரிசையையும் உறையவைத்து, திரவ நைட்ரஜனில் வெவ்வேறு கட்டடங்களில் இருக்கும் இரண்டு கலன்களில் பிரித்து வையுங்கள். மைனஸ் 80 ஃப்ரீசரை மட்டும் நம்ப வேண்டாம்.

ஐந்தாம் படி: வைரஸ் தயாரித்துச் செல்லில் ஏற்றுதல்

ஹெச்இகே293டி செல்கள் தட்டில் முக்கால் பாகம் நிறைந்திருக்கும்போது, நம் பிளாஸ்மிட், வைரஸின் பாகங்களைத் தரும் பிஎஸ்பாக்ஸ்2, பிஎம்டி2.ஜி பிளாஸ்மிடுகள் ஆகிய மூன்றையும் சேர்த்து உள்ளே செலுத்த வேண்டும். 4:3:1 என்ற எடை விகிதம் பல ஆய்வகங்களில் வழக்கம். 48 மணி நேரத்தில் ஒரு முறையும் 72 மணி நேரத்தில் ஒரு முறையும் மேல்நீரை எடுத்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, உடனே பயன்படுத்துங்கள். வைரஸ் பட்ட பிப்பெட், தட்டு, நீர் எல்லாவற்றையும் புதிதாகக் கலந்த பிளீச்சில் ஊறவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

ஜர்காட் செல்லில் முதலில் பதில் தரும் சுற்றை மட்டும் ஏற்றுங்கள். ஏற்பியைப் பிறகு இன்னொரு நாள் ஏற்றலாம். இரண்டையும் ஒரே நாளில் கலந்து ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது கசிவு, அதாவது லிகண்ட் இல்லாமலே ரிப்போர்ட்டர் எரிவது, சுற்றிலிருந்து வருகிறதா, ஏற்பியிலிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியாமல் போகும்.

வைரஸை எவ்வளவு ஊற்றுவது என்பதில் புதியவர்கள் தாராளமாக இருக்கிறார்கள். எல்லாச் செல்லும் ஏற்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், ஒரே செல்லில் நான்கைந்து பிரதிகள் ஒட்டிக்கொள்ளும். பிரதி கூடக் கூடக் கசிவும் கூடும். வைரஸின் அளவைப் படிப்படியாகக் குறைத்து நான்கைந்து குழிகளில் போட்டு, நூற்றுக்கு முப்பது செல்கள் ஏற்ற குழியைத் தேர்ந்தெடுங்கள். வைரஸ் சீரற்ற முறையில் செல்களில் விழுகிறது என்று கொண்டு பாய்சான் கணக்குப் போட்டால், முப்பது சதவீதம் ஏற்ற குழியில், ஏற்ற செல்களில் ஏறத்தாழ 17 சதவீதம் மட்டுமே ஒன்றுக்கு மேற்பட்ட பிரதியை வைத்திருக்கும். மீதியில் ஒரே ஒரு பிரதிதான்.

ஆறாம் படி: அடங்கிய செல்களைப் பொறுக்குதல்

சுற்று மட்டும் ஏறிய செல்களை ஒரு வாரம் வளர்த்து, நிறத்தைப் பார்த்துச் செல்களைப் பிரிக்கும் செல் சார்ட்டரில் கொடுக்கும்போது, சிவப்பு எரியும், நீலம் சிறிதும் எரியாத செல்களை மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். வைரஸ் குரோமோசோமில் எங்கே போய் அமர்கிறது என்பது நம் கையில் இல்லை. சுறுசுறுப்பான ஒரு மரபணுவுக்குப் பக்கத்தில் அமர்ந்தால் ஏற்பியே இல்லாமல் நீலம் எரியும். அந்தச் செல்களை இங்கேயே விலக்கிவிட வேண்டும்.

இப்படிப் பிரித்த செல்களில் ஏற்பியை ஏற்றி, மிக் சாயமேற்றி மறுபடி பிரியுங்கள். மிக் அதிகமாக எரியும் செல்தான் நல்லது என்ற எண்ணம் இயல்பாக வரும். உண்மையில் அளவு கடந்த ஏற்பி அளவு கடந்த கசிவைத் தரும். மிகக் குறைந்த ஏற்பி பதிலே தராது. எனவே மிக் ஒளிர்வை மூன்று பட்டைகளாகப் பிரித்து, மூன்றையும் தனித்தனியாக வளர்த்து, மூன்றையும் சோதிக்க வேண்டும். சார்ட்டர் நேரம் கிடைப்பது அரிது என்பதால் ஒரே பட்டையோடு திரும்பிவிடத் தோன்றும். அந்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தினால் பின்னால் ஒரு மாதம் போகும்.

இந்த இடத்தில் ஈடிடிஏ பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்என்ஆர் மடிப்புகள் கால்சியம் அயனியைப் பிடித்துக்கொண்டுதான் தம் வடிவத்தைக் காக்கின்றன. ஈடிடிஏ கால்சியத்தைப் பறித்துவிடும். மடிப்பு குலையும், வெளிப்பகுதி கழன்றுவிடும், வெட்டுமிடம் வெளிப்படும், லிகண்டே இல்லாமல் ஏற்பி இயங்கிவிடும். இயற்கை நாட்ச்சை வேண்டுமென்றே தூண்டுவதற்கே இந்த உத்தியைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சைட்டோமீட்டருக்குச் செல்களைக் கொண்டுபோகும் கரைசலில் செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஈடிடிஏ சேர்ப்பது எல்லா ஆய்வகங்களிலும் பழக்கம். அளந்துவிட்டுக் கொட்டிவிடும் செல்களுக்கு அதனால் பெரிய தீங்கில்லை, ஏனெனில் ரிப்போர்ட்டர் புரதம் உருவாக அவகாசமே இருக்காது. பிரித்துத் திரும்ப வளர்க்கப் போகும் செல்களுக்கு மட்டும் ஈடிடிஏ இல்லாத கரைசலைத் தனியாகத் தயாரித்து, பாட்டிலில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். எல்929 போன்ற தட்டில் ஒட்டி வளரும் செல்லைப் பெறும் செல்லாக எடுத்தால், ஒவ்வொரு முறை டிரிப்சின்-ஈடிடிஏ ஊற்றும்போதும் இதே சிக்கல் எழும். ஜர்காட் போல மிதந்து வளரும் செல்லைப் பரிந்துரைத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஏழாம் படி: சேர்த்து வளர்த்துப் பார்த்தல்

அடி வளைந்த 96 குழித் தட்டில் பெறும் செல் ஐம்பதாயிரம், அனுப்பும் செல் ஐம்பதாயிரம் என்று போட்டு, மெதுவாக ஒரு நிமிடம் சுழற்றி அடியில் சேர்த்து, இன்குபேட்டரில் 24 மணி நேரம் வையுங்கள். தொடுதல்தான் தூண்டுதல் என்பதால் தட்டை அடிக்கடி ஆட்டக் கூடாது. கே562 செல்களை வேறொரு நிறத்தால் அடையாளப்படுத்தியிருந்தால் பின்னர் திரையில் பிரிப்பது எளிது.

கன்ட்ரோல் குழிகள் குறையவே கூடாது. பெறும் செல் தனியாக ஒரு குழி. பெறும் செல்லோடு சிடி19 இல்லாத கே562 ஒரு குழி. முன்னதற்கும் இதற்கும் வேறுபாடு இருந்தால், செல் நெரிசலே உங்கள் ஏற்பியைத் தூண்டுகிறது என்று பொருள். சுற்று மட்டும் உள்ள, ஏற்பி இல்லாத செல்லோடு சிடி19 ஏற்றிய கே562 ஒரு குழி. கடைசியாக, முழுச் சோதனையையும் டிஏபிடி என்ற காமா செக்ரடேஸ் தடுப்பானோடு ஒரு குழி. 10 மைக்ரோமோலார் வரை பயன்படுத்துவது வழக்கம், கூடவே டிஏபிடியைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழியும் வேண்டும். டிஏபிடி விட்ட குழியிலும் நீலம் எரிந்தால் அந்த நீலம் ஏற்பி வெட்டிலிருந்து வந்ததல்ல. சுற்றிலேயே கசிவு இருக்கிறது. பெறும் செல் தனியாக இருக்கும் இன்னொரு குழியிலும் டிஏபிடி விட்டுப் பாருங்கள். அங்கே இருந்த சிறு நீலம் டிஏபிடியால் அணைந்தால் கசிவு ஏற்பியினுடையது, அணையாவிட்டால் சுற்றினுடையது. இந்த ஒரு குழி, மற்ற எல்லாவற்றையும் சேர்த்துத் தருவதைவிட அதிகச் செய்தி தரும்.

எட்டாம் படி: எண்ணைப் படித்தல்

நீலம் எரியும் செல்களின் சதவீதத்தை மட்டும் எழுதிக்கொண்டு போவது போதாது. எடுத்துக்காட்டாக, தனியாக இருக்கும்போது 5 சதவீதமும் லிகண்டோடு 80 சதவீதமும் எரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 5 சதவீதம் எல்லாச் செல்களும் கொஞ்சம் கொஞ்சம் கசிவதால், எரிகிறது என்று கணக்கிட நாம் வகுத்த கோட்டைத் தாண்டிய விளிம்பா? அல்லது பெரும்பாலான செல்கள் முழுமையாக அடங்கியிருக்க, ஒரு சிறு கூட்டம் மட்டும் முழுமையாக எரிகிறதா? முதலாவது என்றால் ஏற்பியின் அளவைக் குறைக்க வேண்டும். இரண்டாவது என்றால் மறுபடி சார்ட்டருக்குப் போய் அந்தச் சிறு கூட்டத்தை விலக்கினால் முடிந்தது. ஒரே எண்ணுக்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள். ஹிஸ்டோகிராமை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

ஏற்பியின் கசிவு குறையவில்லை என்றால், பட்டையை மாற்றிப் பார்த்த பிறகு வடிவமைப்பையே தொடலாம். இயற்கை நாட்ச்சில் சவ்வுக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட நீர்விலக்கும் சிறு தொடர் ஒன்றைத் திரும்பச் சேர்த்தால் லிகண்ட் இல்லாத இயக்கம் குறைகிறது என்று 2020-இல் காட்டியிருக்கிறார்கள். மனிதப் புரதத் துண்டுகளைக் கொண்டே அமைத்த, அளவிலும் சிறிய ஸ்னைப்பர் ஏற்பிகளை ராய்பல் குழுவினர் 2022-இல் வெளியிட்டார்கள். எலி நாட்ச், ஈஸ்ட்டின் கால்4, ஹெர்பிஸ் வைரஸிலிருந்து வந்த விபி64 ஆகியவற்றை மனித உடல் அயலாகக் கருதி எதிர்க்கக்கூடும் என்பதால், சிகிச்சை நோக்கம் உள்ளவர்களுக்கு இது முக்கியம். முதல் சோதனைக்கு அவசியமில்லை.

கசிவே இல்லாமல் பதிலும் இல்லை என்றால், வரிசையாக மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மிக் சாயம் மேற்பரப்பில் தெரிகிறதா? அனுப்பும் செல்லில் சிடி19 உண்மையிலேயே இருக்கிறதா, அதைச் சாயமேற்றிப் பார்த்தீர்களா? அதே கால்4-விபி64-ஐ ஏற்பி இல்லாமல் தனியாகச் செல்லுக்குள் செலுத்தினால் நீலம் எரிகிறதா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று விடை வந்தால், உதிர்ந்துபோன யுஏஎஸ் தொடர்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு

நீலம் சரியாக எரிந்து சரியாக அணைந்த பிறகே ரிப்போர்ட்டர் இருந்த இடத்தில் உங்களுக்கு வேண்டிய மரபணுவை வைக்க வேண்டும். எவ்வளவு கசிவு தாங்கும் என்பது அந்த மரபணுவைப் பொறுத்தது. செல்களை ஒட்டவைக்கும் கேடெரின் புரதத்துக்கு ஓரளவு கசிவு பொறுக்கலாம். இன்டர்லூக்கின்-2 போலச் சிறு அளவிலேயே வேலை செய்யும் சைட்டோகைனுக்கு, அதாவது செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதத்துக்கு, சைட்டோமீட்டர் கண்ணில் படாத கசிவுகூட அதிகம்தான். ஆகவே அப்படிப்பட்ட மரபணு என்றால், வளர்ப்பு நீரில் அந்தப் புரதத்தை, ஆன்டிபாடியைக் கொண்டு அளக்கும் எலைசா முறையில் தனியாக அளந்து கசிவைத் தீர்மானியுங்கள். புதிய மரபணுவுக்குப் பின்னால், இரண்டு புரதங்களைத் தனித்தனியாக வரவைக்கும் டி2ஏ தொடரின் துணையோடு பிஎஃப்பியையும் விட்டுவைத்தால், எந்தச் செல் திறந்தது என்பதைப் பழையபடி சைட்டோமீட்டரிலேயே பார்க்கலாம். அந்த வரிசைக்கு ஆர்டர் கொடுக்கும் முன், உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் புதிய மரபணுவின் பெயரைச் சேர்த்துத் திருத்த விண்ணப்பம் ஒன்றையும் கொடுத்துவிடுங்கள். பழைய அனுமதி ரிப்போர்ட்டருக்கு மட்டும்தான் பொருந்தும்.